விரல் வைத்த நாள்

கரண்ட் போய்ச் சற்று நேரத்துக்கெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. டிக்டிக்டிக்கென்று கொஞ்ச நேரம், பிறகு மூச்சு வாங்குவதுபோல ஒரு நிறுத்தம், பிறகு மறுபடியும். குளிர்காய்ச்சல் கண்டவருக்குப் பல் தந்தியடிக்குமே, அந்த மாதிரி. ஜெசிந்தா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். பால் குடித்தபடியே தூங்கிப்போன பாப்பாவின் உதடுகள் இன்னும் காம்பை விடவில்லை. எழுந்து பார்க்கலாமென்றால் குழந்தை விழித்துக்கொள்ளும், பார்க்காமல் இருக்கலாமென்றால் காது அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. பல்லியா? பல்லி இப்படி விடாமல் கத்தாது. எலியா? அடுப்புப் பக்கம் கேட்டால் எலி என்று சொல்லலாம், இது அடுப்புப் பக்கமில்லை. பின்சுவரை ஒட்டின நிட்டிங் கம்பெனியில் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள், அதன் உறுமல் தரை வழியாக ஏறி முதுகுத்தண்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. அது பழகின உறுமல், கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்து இந்த லைன் வீட்டில் குடியேறியதிலிருந்து கரண்ட் போனால் அது உண்டு. இது அதில்லை. இது சின்னச் சத்தம், இரும்போடு இரும்பு ரகசியம் பேசுகிற சத்தம், வாசல் பக்கமிருந்து வருகிறது. வாசல் பக்கம் என்று நினைத்த உடனே தையல் போட்ட இடம் சுருக்கென்று இழுத்தது. கம்பெனியிலிருந்து கனகமணி அக்கா வந்துவிட்டாளா? வந்தால் கூப்பிடுவாளே, நாலு வீட்டுக்குக் கேட்கக் கூப்பிடுகிற வாயல்லவா அது. அப்படியானால் வேறு யாரோ. ஈ.எஸ்.ஐ. ஆபீசிலிருந்து யாராவது, விசாரிக்க. விளக்கு வைத்த பிறகு எந்த ஆபீசிலிருந்து எவர் வருவார், பைத்தியக்காரி, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திட்டினது அவளுக்குக் கேட்டது, சத்தத்துக்குக் கேட்கவில்லை, அது பாட்டுக்குத் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ் போடவில்லை. போட முடியவில்லை என்பதுதான் நிஜம். எடிசனுக்கு இந்த வாரம் டையிங் பட்டறையில் நைட் ஷிப்ட். இதுவரை கதவுக்கு ஒரு கொக்கி மட்டும்தான் இருந்தது. பச்சைப்பிள்ளைக்காரி தனியாகக் கிடக்கிற வீடாயிற்றே என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஹார்டுவேர் கடைக்குப் போய், முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புத் தாழ்ப்பாள் வாங்கி வந்து, கொக்கியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதை அடித்து மாட்டினான். மழையில் உப்பின கதவு. தாழ் பெரும்பாலும் சுலபமாக ஓடும், கடைசி விரற்கடை தூரம் மட்டும் மாட்டேனென்று நிற்கும், கதவைத் தோளால் தூக்கிப் பிடித்துத் தம் கட்டித் தள்ளினால்தான் நிலைத் துளைக்குள் இறங்கும். "ரெண்டு தரம் போட்டு எடுத்தா வழிக்கு வந்துரும்" என்றான். அவன் தோளுக்கு வந்துவிடும். வயிற்றைக் கிழித்துத் தைத்தவளுக்கு? தம் கட்டினாலே உள்ளே ஏதோ நூல் நூலாகப் பிரிகிற மாதிரி இருக்கிறது. அதனால் அவன் சைக்கிள் சத்தம் தெரு திரும்பின பிறகு, தாழைப் போகிற வரைக்கும் நகர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிடுவாள். விடிகாலையில் அவன் வந்து தட்டுமுன் குடத்தை எடுத்துவிடுவாள். அவனிடம் சொன்னதில்லை. அவனிடம் சொல்லாதது இது ஒன்றுதானா? குடம் இருக்கட்டும், விரல் இருக்கிறதே, வலது கை ஆள்காட்டி விரல், இப்போது பாப்பாவின் நெற்றியில் வியர்வையை ஒற்றிக்கொண்டிருக்கிறதே இந்த விரல், இதை அவனிடம் எப்படிச் சொல்வது.

விரலை நினைக்காமல் வேறெதையாவது நினைக்க வேண்டும். பாப்பாவின் மூச்சை நினைக்கலாம். மூச்சிலும் ஒரு கரகரப்பு இருக்கிறது, பூனை வயிற்றில் கேட்கிற மாதிரி, அதுவும் அந்த நாளிலிருந்துதான். எங்கே சுற்றினாலும் அந்த நாளில் கொண்டுபோய்த்தான் விடுகிறது, மாட்டைக் கட்டின முளை மாதிரி. பிள்ளை பெற்று இத்தனை மாதமாக வீட்டில் இருக்கிறாள், பாங்கில் பணம் ஏறுகிறது. கம்பெனி தருவதில்லை, ஈ.எஸ்.ஐ. தருகிறது. பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் எழுதுகிற வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சம்பளத்தில் கொஞ்சம் பிடித்தார்களே, கம்பெனியும் தன் பங்குக்குக் கட்டியதே, அதை அரசாங்கம் வாங்கி வைத்திருந்து, சீக்கில் படுத்தால், மெசினில் கை போனால், பிள்ளை பெற்றால் திருப்பித் தருகிறது. முதல் தடவை செல்போனில் மெசேஜ் வந்தபோது அவள் நம்பவில்லை. எடிசன் வாங்கிப் பார்த்துவிட்டு, "வேல செய்யாம எவன் காசு குடுப்பான், நாளைக்குத் திருப்பிக் கேக்க மாட்டாங்கள்ல?" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். அந்த விளையாட்டுப் பேச்சு அவளுக்குள் அப்படியே கிடந்தது. அந்தப் பணத்தில்தான் வாடகை, பாப்பாவுக்கு மருந்து. அதைவிட, அந்தப் பணம் வருவதால்தான் பாப்பா இந்த மடியில் இருக்கிறாள். இல்லாவிட்டால் தையல் லைனில் மற்றப் பெண்கள் செய்தமாதிரி, பால்குடி மறக்காத பிள்ளையை ஊரில் நாத்தனாரிடம் விட்டுவிட்டு, டீ பிரேக்கில் செல்போனைத் தூக்கிப் பிடித்து, "அம்மா பாரு, இங்க பாரு, அம்மா" என்று கத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சாந்தி அப்படிக் கத்துவாள். போன் கூவினால் போதும், தன் பிள்ளை அதைப் பார்த்தே அம்மா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாத்ரூமுக்குப் போனாள், திரும்பி வர நேரமாயிற்று.

பணத்துக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது, லீவு நாளில் வேலைக்குப் போகக் கூடாது. கிளை அலுவலகத்தில் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த கண்ணாடி போட்ட அம்மாள், முறுக்கு தின்ற கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "இந்த நாள்ல எங்கயும் வேலைக்குப் போகக் கூடாதும்மா, கேட்டுச்சா?" என்றாள். கேட்டது. பிறகும் அந்த அம்மாள் ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். தோளில் கிடந்த பாப்பா வீறிட்டாள், பின்னால் நின்றவர் முழங்கையால் இடித்தார், கூடாது என்ற சொல் மட்டும் மண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. கூடாது என்பதைச் செய்தாளா? செய்தாளா இல்லையா என்பதுதான் தெரியவில்லை. ஹெச்.ஆர். சார் போன் பண்ணினார். ஆடிட் வருகிறது, க்ரெச்சில் குழந்தை இருக்க வேண்டும், சும்மா வந்து பாப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போம்மா, வேன் அனுப்புகிறேன் என்றார். வேலைக்கு வருகிறவர்களின் குழந்தைகளை விட்டுவைக்க க்ரெச் என்று கம்பெனியில் ஓர் அறை உண்டு. மற்ற நாட்களில் அதில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும், சாவி ஸ்டோரில் தொங்கும். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆள் அனுப்பிச் சோதனை போடுகிற நாளில் பெட்டிகள் வெளியேறும், தொட்டில் ஏறும், சுவரில் முயல் வரும். முயலுக்குக் குறைவில்லை, குழந்தைக்குத்தான் பஞ்சம். லைனில் பாதிப்பேர் ஹாஸ்டல் பிள்ளைகள், கல்யாணமானவர்களின் பிள்ளைகளோ ஊரில். ஆகவே ஜெசிந்தா. அதுவும் ஜெசிந்தாதான் வேண்டும், அவள் கான்வென்டில் படித்தவள், கேட்டால் இங்கிலீஷில் சொல்வாள்.

வேனிலிருந்து இறங்கினாள். கேட்டில் ஜெனரல் ஷிப்ட் வரிசை நின்றது. கால் தானாகப் போய் வரிசையில் நின்றது. தோளில் குழந்தை, முன்னால் யாரோ ஒருத்தியின் மல்லிகைப்பூ, வாட்ச்மேனின் பீடி வாசனை, எல்லாம் பழையபடி, எதுவும் யோசிக்கத் தேவையில்லாத ஒரு நிம்மதி. சுவரில் விரல் வைத்து வருகை பதிகிற மெசின் பச்சையாக மினுக்கியது. வைத்துவிட்டாள். கேட்காமல், யாரும் சொல்லாமல், சாப்பாட்டுத் தட்டைக் கண்டதும் சிலுவை போடுகிற கை மாதிரி, அந்தக் கை போய் விரலை வைத்துவிட்டது. 'தேங்க் யூ' என்றது மெசின், அதே பெண் குரலில். இதை நினைத்தால்தான் அவளுக்கு அவமானமாக இருக்கிறது, அந்த நொடியில் அவள் சிரித்தாள். சந்தோஷப்பட்டாள். பிள்ளை பெற்ற பிறகு செருப்புச் சேரவில்லை, ஜாக்கெட் சேரவில்லை, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறது, கண்ணாடியில் யாரோ ஒரு வீங்கின பொம்பளை, கூப்பிடுகிறவர்களும் பாப்பா அம்மா என்கிறார்கள். மெசின் மறக்கவில்லை. நீதான் என்று சொல்லிவிட்டது. அந்த ஒரு நொடிச் சந்தோஷத்துக்கா இத்தனையும், ஆண்டவரே.

க்ரெச்சுக்குள் பெயிண்ட் காயவில்லை. முயலின் காதைத் தொட்டால் கையில் வெள்ளை ஒட்டியது. அந்த வாசனையில் அவளுக்கே தலை கிறுகிறுத்தது, ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டாள், திறந்தால் வெளியே அடுக்கின அட்டைப்பெட்டி தெரியும் என்றார்கள். ஆடிட் செய்ய வந்த பெண் நல்லவள் மாதிரித்தான் இருந்தாள். குனிந்து பாப்பாவின் பாதத்தைத் தொட்டாள், "டூ யூ ப்ரிங் ஹர் எவ்ரி டே?" என்று கேட்டாள். "எஸ் மேடம், எவ்ரி டே." வாய் சொல்லிவிட்டது. விரல் முந்திக்கொண்டது போலவே வாயும் முந்திக்கொண்டது. கான்வென்டில் மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், மணி அடித்தால் உட்கார வேண்டும், கேட்டால் எஸ் சிஸ்டர். பன்னிரண்டாம் வகுப்புவரை இங்கிலீஷில் அவள் நோ சொன்னதே கிடையாது. தமிழில் சொல்லியிருக்கிறாள், அம்மாவிடம், எடிசனிடம், கீரைக்காரியிடம். இங்கிலீஷ் என்பது தலையாட்டுவதற்கு வைத்திருந்த பாஷை. இங்கிலீஷில் சொன்ன பொய் கணக்கில் வருமா என்றுகூட அன்று ராத்திரி யோசித்தாள். பொய் சொல்லாதே என்கிற எட்டாம் கற்பனைக்குப் பாஷை உண்டா? ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் வரிசையில் போனபோது, பாவத்தோடு வாங்கக் கூடாதென்று அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஏன் வரல?" என்றான் எடிசன். "பாப்பா தூங்குறா" என்றாள். அது தமிழில் சொன்ன பொய். பாப்பா விழித்துக்கொண்டு, விதானத்தில் சுழல்கிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இருமிக்கொண்டிருந்தாள்.

டிக்டிக்டிக். நின்றுவிட்டதென்று நினைத்தாளே. காதுதான் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது. இருட்டில் பாப்பாவின் நெஞ்சின்மேல் கை வைத்தாள். உள்ளே பூனை இருந்தது. அந்த அறைக்கு நாளைக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மத்தியானம் ஹெச்.ஆர். சார் மறுபடி போன் பண்ணினார். ஆடிட்டில் ஏதோ குறை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், நாளைக்குத் திரும்பப் பார்க்க வருகிறார்கள், அதே தாயும் பிள்ளையும் இருந்தால் நம்பிக்கையாக இருக்கும். "அப்புறம் இன்னொண்ணும்மா. அன்னைக்கு உன் பஞ்ச் விழுந்திருக்கு, தெரியுமில்ல? சிஸ்டத்துல நீ ப்ரெசண்ட். லீவுக்குப் பணமும் வாங்கிட்டு வேலைக்கும் வந்தேன்னு ஆகுது. ஈ.எஸ்.ஐ.ல கேட்டா நீதானே பதில் சொல்லணும்? பயப்படாதே, நான் எடுத்து விட்டுர்றேன். நீ நாளைக்கு வந்துரு. கனகமணியை அனுப்பறேன், பேசிக்கோ." சாந்தமாகத்தான் பேசினார். சாமியார் பிரசங்கம் வைக்கிற குரல். பயப்படாதே என்று அவர் சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் தொடங்கியது. சாயந்திரம் முழுக்க அவள் மனசு ஒரே வட்டத்தில் ஓடியது. போகாவிட்டால் அவர் விரலை அழிக்க மாட்டார். விரல் இருந்தால் ஆபீசில் பிடிப்பார்கள். பிடித்தால் பணம் நிற்கும். நின்றால், இதுவரை தந்ததைத் திருப்பிக் கட்டு என்பார்கள். எடிசன் சொன்னான் அல்லவா, திருப்பிக் கேட்க மாட்டாங்கள்ல? பணம் நின்றால் நாளை மறுநாளே லைனுக்குப் போக வேண்டும், பாப்பா ஊருக்குப் போவாள், அம்மா என்பது ஒரு செல்போனாகிவிடும். போனால்? போனால் பாப்பா அந்த வாசனையில் இன்னொரு தரம். போனால் இந்தமுறை விரல் தெரியாமல் வைத்தது ஆகாது, தெரிந்தே வைத்தது ஆகும். அவர் அதையும் அழிப்பார், அழிப்பதற்கு மூன்றாவது தரம் வரச் சொல்வார். எங்கே இது முடியும்? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை ஊசியில் நூல் சிக்கின மாதிரி நின்றுவிடும், அறுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஓடும், போகாவிட்டால் அவர் விரலை அழிக்க மாட்டார், விரல் இருந்தால் ஆபீசில் பிடிப்பார்கள். போலீஸ் வருமோ. பால் கொடுக்கிற தாயை ஜெயிலில் வைப்பார்களாமே, பிள்ளையோடு. எங்கே கேட்டாள் இதை? அருள் நிறைந்த மரியே வாழ்க என்று ஆரம்பித்தாள், பாதியில் சொற்கள் கலைந்தன, ஆண்டவர் உம்முடனே, கர்த்தருடைய, நாளைக்கு வேன் எத்தனை மணிக்கு வரும் என்று அவர் சொன்னாரா?

"அம்மிணீ... ஏ ஜெசிந்தா!"

தூக்கிவாரிப் போட்டது. பாப்பா சிணுங்கினாள். வாசலில் ஸ்கூட்டியை ஸ்டாண்டு போடுகிற சத்தம்.

"உள்ளதான இருக்கே? புருசன் பேரு எடிசனு, வூட்டப் பாரு, இருட்டுக் கெணறாட்டக் கெடக்குது!"

கனகமணி அக்கா. லைன் சூப்பர்வைசர். ஜெசிந்தா பாப்பாவைத் தோளில் சாத்திக்கொண்டு, சுவரைத் தடவி எழுந்து, காலால் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி, தாழை இழுத்துக் கதவை ஆள் நுழையாத அளவுக்குத் திறந்தாள். செல்போன் வெளிச்சம் முகத்தில் அடித்தது, பிறகு கீழே இறங்கிக் குடத்தைப் பார்த்தது.

"ஏங்கண்ணு, கொடத்தையெல்லாம் காவலுக்கு வெச்சிருக்கே? திருடன் வந்தா தண்ணி குடிச்சுட்டுப் போவட்டும்னா?"

"கதவு உப்பிப் போச்சுங்கக்கா."

"எல்லாமே உப்பித்தான் போச்சு, உன்னையும் சேத்து." சிரித்துக்கொண்டே ஒரு பிளாஸ்டிக் பையை இடுக்கு வழியாக நீட்டினாள். "கவுனு. சந்தையில வாங்குனன். மஞ்சக் கலரு, பாப்பாவுக்கு எடுப்பா இருக்கும். நாளைக்கு இதையவே போட்டுக் கூட்டியாந்துரு."

"பாப்பாவுக்குச் சளிங்கக்கா. அன்னைக்குப் பெயிண்ட்டு வாசத்துலேர்ந்து நெஞ்சு கரகரன்னு..."

"சளியில்லாத கொளந்த ஏது அம்மிணி? என்ற பசங்க ரண்டும் மூக்கொழுவிக்கிட்டேதான் பெருசானானுங்க. சித்த நேரம். உக்காந்துட்டு எந்திரிச்சு வரப்போறே."

"லீவுல இருக்கேங்கக்கா. வரக் கூடாதுன்னு..."

"ராணியம்மா லீவுல இருக்கறீங்க, தெரியுதுங். நானெல்லாம் தைப்பொங்கலுக்குப் பெத்துப்போட்டு மாசியில மெசின்ல உக்காந்தவ. அப்ப கம்பெனில ஈ.எஸ்.ஐ.யாவது ஒண்ணாவது, ஆரு சொன்னா எங்களுக்கு? பால் கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லாட்டம் கனக்கும். பாத்ரூமுக்குப் போயி செவுத்துல பீச்சி உட்டுட்டு வந்து ஓவர்லாக் அடிப்பன். ஜாக்கெட்டு நனஞ்சது தெரியாம இருக்கறக்குத் துண்டு போத்திக்குவன்..." சிரிப்பில் தொடங்கின பேச்சு, எங்கேயோ வழியில் சிரிப்பை இறக்கிவிட்டுவிட்டது. "அதையெல்லாம் எதுக்குப் பேசிட்டு. உனக்கு வூட்டு வாசலுக்கு வேன் வருது. நீ வல்லீன்னா எனக்குத்தான் ஏச்சு உளுகும். அப்புறம் உன்ற வெரலு மெசின்ல கெடக்குது. வந்தீன்னா சார் அழிச்சுப்போடறன்னாரு. சொல்லு, சரின்னு சொல்லு. நா கெளம்பறன், மழ வராப்பல இருக்குது."

சரிங்கக்கா என்பது நாக்கு நுனிக்கு வந்து நின்றுவிட்டது. ஒரு கையால் பாப்பாவையும் ஒரு கையால் கதவு விளிம்பையும் பிடித்துக்கொண்டிருந்தாள் ஜெசிந்தா. கதவைப் பிடித்த கைக்குக் கீழே ஏதோ நடுங்கியது. டிக்டிக்டிக். தன் கைதான் நடுங்குகிறதென்று முதலில் நினைத்தாள். இல்லை. தாழ்ப்பாள். ஜெனரேட்டரின் அதிர்வு தரையில் ஏறி, நிலையில் ஏறி, கதவில் ஏறி, எங்கும் இறங்காமல் வளையத்துக்குள் தொளதொளவென்று கிடந்த புது இரும்பை ஆட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாட்டினதிலிருந்து இன்றைக்குத்தான் முதல் கரண்ட் கட். இதற்குத்தானா? விளக்கு வைத்ததிலிருந்து பயங்காட்டிக்கொண்டிருந்தது இந்தச் சாமான்தானா? விரலை அதன்மேல் வைத்தாள். நின்றது. எடுத்தாள். டிக்டிக். வைத்தாள். நின்றது. அதே விரல். மெசின் பச்சையாக மினுக்கவில்லை, தேங்க் யூ சொல்லவில்லை, சும்மா இரும்பு, குளிர்ந்த இரும்பு. அந்த நேரத்தில், கூப்பிடாமலே, முறுக்கு வாசனையோடு கிளை அலுவலகத்து ஜன்னல் அவள் முன்னால் வந்தது. கண்ணாடி போட்ட அம்மாள் குனிந்து, பாப்பாவின் அழுகைக்கு மேலே குரலை உயர்த்திச் சொல்கிறாள். கூடாதும்மா, கேட்டுச்சா, தப்பித்தவறி ஒரு நாள் போயிட்டா வந்து சொல்லிருங்க, அந்த நாளைக் கழிச்சுக்குவோம், மறைச்சாத்தான் வம்பு. இதையும் சொல்லியிருக்கிறாள்! காது வாங்கி எங்கேயோ ஒரு மூலையில் போட்டு வைத்திருந்திருக்கிறது, பயம் அதன்மேல் அட்டைப்பெட்டியை அடுக்கிவிட்டது. நிஜமாகவே சொன்னாளா, இல்லை இந்த நேரத்துக்காக நானே சொல்ல வைக்கிறேனா? தெரியவில்லை. சொல்லிருங்க. கோயிலில் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் அதைத்தானே சொல்கிறார்கள்.

"என்ன அம்மிணி, பேச்சையே காணம்?"

"அழிக்க வேண்டாம்ங்கக்கா."

"எதைய?"

"என் விரலை. வெச்சது வெச்சதுதான், இருக்கட்டும்னு சார்கிட்டச் சொல்லிருங்க. நானே ஈ.எஸ்.ஐ. ஆபீசுக்குப் போயி இன்ன மாதிரி ஆயிருச்சுன்னு சொல்லிக்கறேன். நாளைக்கு நான் வரலை."

கனகமணி அக்கா போன் வெளிச்சத்தைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் பேசறியா? அங்க போயி நீயே சொல்லி, அவிங்க ஏதாச்சும் பண்ணிப்போட்டா?"

"தெரியலைங்கக்கா. பயமாத்தான் இருக்கு."

"ஆடிட்டுக்கு வர்ற அந்தப் புள்ள கேக்குமே. கொளந்த எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"குழந்தை அம்மாகிட்ட இருக்குன்னு சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. இதோ இப்போது திட்டப் போகிறாள், நாலு வீட்டுக் கதவும் திறக்கப் போகிறது என்று தோளிலிருந்த பாப்பாவின் காதைக் கையால் மூடினாள். கனகமணி அக்கா திட்டவில்லை. மூக்கை உறிஞ்சினாள், முந்தானையை இழுத்து மாரை மூடிப் போர்த்திக்கொண்டாள், குளிருக்கோ எதற்கோ.

"கவுனைத் திருப்பிக் குடுக்கலாமுன்னு பாக்காதே. அது என்ற காசு, கம்பெனிதல்ல." ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இருட்டைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னாள், "சார் அத்தன சுளுவுல உட மாட்டாரு. காத்தால வேனை அனுப்பிச்சாலும் அனுப்புவாரு. தாப்பாளை நல்லாப் போட்டுக்க அம்மிணி. கொடமெல்லாம் தாங்காது."

ஸ்கூட்டியின் சிவப்பு வெளிச்சம் லைன் வீட்டுச் சந்து முனையில் திரும்பி மறைந்தது. மறைந்த பிறகுதான் பயம் முழுசாக வந்தது, விருந்தாளி போனபின் உட்காருகிற வீட்டுக்காரி மாதிரி சாவகாசமாக வந்து உட்கார்ந்தது. என்ன சொல்லிவிட்டேன். எடிசன் வந்தவுடன் சொல்ல வேண்டும், முதலில் விரல், பிறகு எவ்ரி டே, பிறகு குடம். அவன் கத்துவான். கத்திவிட்டுக் கூட வருவான், வராமலும் போவான், ஷிப்ட் முடிந்த கண்ணோடு பஸ்ஸில் தூங்குவான். அந்த ஜன்னலில் அந்த அம்மாள் இல்லாமல் வேறு ஆள் இருந்தால்? முறுக்கு தின்னாத, முகம் பார்க்காத ஆள் இருந்தால்? சொல்லிருங்க என்று யாரும் சொல்லவே இல்லையென்றால்? இருக்கலாம். இருக்கட்டும். பாப்பாவைப் பாயில் கிடத்தித் தலைமாட்டில் மஞ்சள் கவுனைச் சுருட்டி அணை கொடுத்தாள். மெல்ல நடந்து வந்து குடத்தை நகர்த்திக் கதவைச் சாத்தினாள். டிக்டிக்டிக் என்று உடனே ஆரம்பித்துவிட்டது, இவ்வளவு நேரம் அவளுக்காகக் காத்திருந்த மாதிரி. தோளைக் கதவில் கொடுத்தாள். தையல் இழுத்தது, பிரிந்தால் பிரியட்டும் என்று தோன்றவில்லை, பிரியக் கூடாதே மாதாவே என்றுதான் தோன்றியது. ஆனாலும் தோளை எடுக்கவில்லை. தம் கட்டிக் கதவைத் தூக்கினாள், கண்ணுக்குள் பூச்சி பறந்தது. தாழ் வழக்கமாக நிற்கிற இடத்தில் வந்து நின்றது, மாட்டேனென்றது. ஆள்காட்டி விரலை மடக்கிக் குமிழுக்குப் பின்னால் கொடுத்து, இன்னும் ஒரு தரம், பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். உப்பின மரம் முனகியது. இரும்பு கரகரவென்று நகர்ந்து, நிலைத் துளைக்குள் இறங்கி, அடிவரைக்கும் போய் உட்கார்ந்தது. சத்தம் நின்றுவிட்டது.